விஞ்ஞானப் புனைகதையும் அதீதக் கற்பனைக் கதையும்: ஒரு விளக்கம்

நடைமுறை உலகில் நிகழாதவற்றைப் பொருளாகக் கொள்ளும் கதைகள் அனைத்தையும் ஒரே வகைக்குள் அடக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. விஞ்ஞானப் புனைகதையையும், 'பாண்டசி' எனப்படும் அதீதக் கற்பனைக் கதையையும் வேறுபடுத்த முனைவோரும், முன்னையது நிகழக்கூடியதைக் கூறுவது, பின்னையது நிகழ முடியாததைக் கூறுவது என்ற அளவில் நின்றுவிடுகின்றனர். இவ்வளவுகோல் போதியதன்று என்பதே நமது கருத்து. ஒரே அற்புதம் இருவகைக் கதைகளிலும் கையாளப்பட்டுள்ள ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

கண்ணுக்குத் தெரியாது மறையும் ஆற்றலே அவ்வற்புதம். எச். ஜி. வெல்ஸ் 1897 இல் வெளியிட்ட 'கட்புலனாகா மனிதன்' நாவலில் வரும் கிரிபின் பௌதிகம் பயின்றவன். உடலின் முறிவுச் சுட்டியைக் காற்றினதற்குச் சமமாக்கினால் ஒளி தடையின்றி ஊடுருவும் என்பது அவனது கோட்பாடு. கோட்பாட்டைக் கூறியதோடு வெல்ஸ் அமையவில்லை; அதன் விளைவுகளையும் பின்தொடர்கின்றார். ஆடை பிறர் கண்ணுக்குத் தெரியுமாதலால் கிரிபின் கடுங்குளிரிலும் ஆடையின்றித் திரிய நேர்கின்றது. உண்ட உணவு உடலோடு கலக்கும்வரை வெளியே தெரிகின்றது. மேலே பனி படிந்தால் உருவம் புலப்பட்டுவிடும்.

ஜே. ஆர். ஆர். ரொல்கீன் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'மோதிரங்களின் தலைவன்' நாவலில் வரும் மோதிரமோ அணிந்தவனை ஆடையோடும் மறைத்துவிடுகின்றது. ஒளி எவ்வாறு ஊடுருவிற்று என்ற வினா அங்கு எழுவதில்லை.

வெல்ஸின் விஞ்ஞானம் பிழையற்றதன்று. ஒளியை உறிஞ்சாத விழித்திரையினாற் காண முடியாது. ஆகவே கட்புலனாகா மனிதன் குருடனாகவே இருப்பான் என்று சோவியத் விஞ்ஞான எழுத்தாளர் யாக்கோவ் பெரல்மன் சுட்டிக்காட்டினார். இங்கு நாம் கருத்திற் கொள்ளவேண்டியது, இவ்வினாவை வெல்ஸை நோக்கியே எழுப்ப முடிகின்றது என்பதாகும். மோதிரம் அணிந்தவன் குருடனா என்று எவரும் வினவுவதில்லை. காரண காரிய விசாரணைக்குத் தன்னை உட்படுத்திக்கொள்ளும் கதை விஞ்ஞானப் புனைகதை. தன் அடிப்படை விதியை விசாரணைக்கு அப்பால் நிறுத்திவிட்டு, வேறொன்றை விசாரிப்பது அதீதக் கற்பனைக் கதை. ரொல்கீன் விசாரிப்பது அதிகாரத்தை. நல்லெண்ணத்தோடு ஏந்துபவனையும் சீரழிக்கும் அதிகாரத்தை அழிப்பதன்றி வேறு வழியில்லை என்பதே மோதிரத்தின் கதை. தன் கண்டுபிடிப்பை எவரோடும் பகிராது மறைத்து, அதனைக் கொண்டு மக்களை அச்சுறுத்தி ஆள முற்படும் கிரிபின், இறுதியில் அம்மக்களாலேயே அடித்துக் கொல்லப்படுகின்றான். வழிகள் வேறாயினும் இரு நாவல்களும் அதிகாரம் பற்றிய விமரிசனங்களே.

முற்போக்கு விமரிசகர் பலர் இதனை ஏற்றுக்கொண்டாரல்லர். 1979 இல் ஆங்கிலத்தில் வெளியான தமது நூலில் டார்கோ சுவின், அறிவும் அந்நியப்படுத்தலும் இணைவதே விஞ்ஞானப் புனைகதை என வரையறுத்து, அதீதக் கற்பனையை அறிவுக்கு மாறானதென ஒதுக்கினார். மார்க்சியரும் நாவலாசிரியருமான சைனா மியெவில் 2009 இல் இதனை மறுத்தார். விஞ்ஞானப் புனைகதை தருவது பெரும்பாலும் அறிவன்று, அறிவு என்ற தோற்றமே என்பது அவர் வாதம். பெரல்மன் கண்ட பிழை இவ்வாதத்துக்கு அரண் செய்கின்றது. எனினும், விசாரணைக்கு இடமளிக்கும் பண்பு தோற்றமன்று. பிழையைக் காண முடிந்தமையே அதற்குச் சான்று.

இவ்வேறுபாடு இலக்கிய வகைப்பாட்டோடு முடிந்துவிடுவதன்று. இராமாயணத்துப் புட்பக விமானத்தைப் பண்டைய விஞ்ஞானத்துக்கு ஆதாரமாகக் காட்டுவோர் நம் மத்தியில் உளர். அவ்விமானம் உடையவனின் எண்ணப்படி செல்வது. அதன் இயக்கத்துக்குக் காரணம் கூறக் காவியம் முற்படவேயில்லை. கூறப்படாத காரணத்தை அதனுள் ஏற்றுவது விஞ்ஞானத்துக்கும் காவியத்துக்கும் ஒருங்கே இழைக்கும் அநீதியாகும். அதற்கு மறுதலையாக, விஞ்ஞானமில்லை என்பதற்காகக் காவியத்தை மூடநம்பிக்கையெனத் தள்ளுவதும் அதே தவறேயாம். ஒரு கதை எந்த வினாவுக்கு விடையளிக்க முன்வருகின்றது என்பதை முதலில் அறிந்து, அதன் பின்னரே அதனை மதிப்பிட முற்படுதல் வேண்டும்.