பழங்கோடரியும் பதிப்பு நெறியும்

பழஞ்சுவடி ஒன்று கைக்குக் கிட்டுமாயின், அதன் எழுத்தமைதி, ஏட்டின் அளவு, பின்னோர் செய்த திருத்தம் ஆகியவற்றை முதற்கண் ஆராய்தல் பதிப்பாசிரியர் கடனாகும். குடும்பத்தில் வழிவழி வந்த கருவிகளுக்கும் இந்நெறி பொருந்தும் என்பது எம் கருத்து. அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில் எம் தந்தையார் விட்டுச் சென்ற கோடரி ஒன்றைச் செப்பனிடுங்கால் கண்டவற்றைக் கொண்டு, இக்கருத்தினை ஈண்டு விளக்குவாம்.

முதற்கண் பெயரை நோக்குவோம். சங்க நூல்களில் நவியம், மழு, கணிச்சி என்னும் சொற்கள் பயில்கின்றன. இவை முற்றும் ஒருபொருட் கிளவிகள் அல்ல. கணிச்சி, நிலத்தையும் பாறையையும் அகழும் கருவியையும் குறிக்கும். நவியமோ மரம் வெட்டும் கருவியாகவே நிற்கின்றது. புறநானூற்றின் 36ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார், சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை நோக்கிப் பாடுமிடத்து, காவல்மரங்களை வீழ்த்தும் நவியத்தைக் காட்டுகின்றார். அங்கே அதன் கூரிய பகுதி 'வாய்' எனவும், பிடி 'கை' எனவும் வழங்கப்பெறுகின்றன. அவ்வாயைக் கூர்மை செய்தது கொல்லனின் அரம் என்பதும் அப்பாட்டாற் பெறப்படும். 'வாய்' என்னும் சொல் இன்றும் கொல்லர் பட்டறையில் வழக்கொழியாது நிற்றல் கருதத்தக்கது.

கோடரி என்பதனைக் 'கோடு' (கிளை), 'அரி' (வெட்டு) எனப் பிரித்துப் பொருள் காண்பாரும் உளர். ஆயின் மலையாளத்தில் 'கோடாலி' என நெடிலாக நிற்கும் முதலெழுத்து, கன்னடத்தில் 'கொடலி' எனக் குறிலாக நிற்கின்றது. தெலுங்குச் சொல்லின் முதலெழுத்தும் குறிலே. வடமொழிக் 'குடார' என்பதும் உடன்வைத்து எண்ணத்தக்கது. ஆதலின் ஒரு மொழியின் வடிவத்தை மட்டும் கொண்டு பிரித்துரைத்தல் அமைதியுடையதாகாது.

இனிப் பொருளை நோக்குவோம். கோடரியின் வகையை அறிதற்கு முதற்சான்று, காம்பு பொருந்தும் முறையே. 1863இல் இராபர்ட்டு புரூசு பூட்டு பல்லாவரத்திலும், அதே ஆண்டில் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்த கற்கருவிகளுள் கைக்கோடரிகள் காம்பின்றிக் கையாற் பற்றப்பட்டவை. அத்திரம்பாக்கத்தின் பழைய படிவுகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையன என 2011இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. நெடுங்காலத்தின் பின் தோன்றிய இரும்புக் கோடரிகளுள்ளும், விதர்ப்பப் பெருங்கற்காலப் புதைகுழிகளிற் கிடைத்த பலவற்றிற்குக் கண் இல்லை. தட்டையான இரும்பை இரும்புப் பட்டைகளாற் காம்போடு பிணித்தனர். இக்காலக் கோடரியில் காம்பு நுழைதற்கெனத் துளை உண்டு. அதனைக் 'கண்' என்பர்.

எம் கையிலுள்ள கோடரியின் கண், இரும்புப் பாளத்தை மடித்து ஒட்டியதால் உண்டானது. மடிப்பின் கோடு உட்புறத்தே தெரிகின்றது. எலுமிச்சைச் சாற்றைத் தடவிச் சிறிது நேரம் வைத்தபொழுது, வாயை ஒட்டிய பகுதி மட்டும் கறுத்தது. அரத்தால் உராய்ந்தபொழுது உடல் எளிதில் தேய்ந்தது. வாயிலோ அரம் வழுக்கிற்று. எனவே மெல்லிரும்பின் உடலில் எஃகு வாய் வைத்துக் கொல்லன் கையால் அடித்த கருவி இஃது என்பது போதரும். வாய்க்கு எதிர்ப்புறத் தலை நசுங்கி விளிம்பு பிதுங்கியிருந்தது. விறகு பிளக்குங்கால் ஆப்பை அறைதற்கு இத்தலையைச் சம்மட்டியாகப் பயன்படுத்தினமைக்கு இதுவே சான்று.

ஈண்டுத்தான் பதிப்பு நெறியின் இன்றியமையாமை விளங்கும். செந்துரு காலம் சேர்த்த மாசு. அதனை நீக்குதல் வேண்டும். அதனடியில் இறுகப் படிந்த கருமை, இரும்பை ஓரளவு காப்பது. அதனைச் சுரண்டுதல் வேண்டா. மண்ணெண்ணெயில் ஊறவிட்டுக் கம்பித் தூரிகையால் தேய்த்தாலே செந்துரு பெரும்பாலும் அகலும். விசைச் சாணையில் வைத்துப் பளபளப்பாக்கினாலோ, கொல்லன் பொறித்த குறி இருப்பின் அதுவும் உடனழியும். மேலும், உராய்வின் வெப்பத்தால் எஃகில் நீலம் பாயுமாயின், அஃது ஏறத்தாழ 300 பாகை செல்சியசை எட்டிற்று என்பது பொருள். அவ்விடத்தே கொல்லனிட்ட தோய்ச்சல் கெட்டு வாய் மெலியும். ஆகலின் அரமும் நீர்விட்ட சாணைக்கல்லுமே தக்கன.

பிதுங்கிய விளிம்பு இடர்ப்பாடுடைய இடமாகும். அறையுங்கால் அதினின்று சில்லு தெறித்துக் கண்ணைக் கெடுக்கலாம். முற்றும் அராவினாலோ, பயன்படுத்தினோர் சுவடு மறையும். தெறிக்கக்கூடிய நுனிகளை மட்டும் அராவி, நசுங்கலை அவ்வாறே விடுத்தோம். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபொழுது, வேறுபட்ட பாடங்களை விலக்காது குறித்து வைத்தமை இவ்விடத்து நினைக்கத்தகும். உளுத்த காம்பினை மாற்றுதலில் தடையில்லை. எனினும் பழங்காம்பின் நீளத்தையும் வளைவையும் அளந்து வைத்த பின்னரே, நரம்பு நீளவாட்டில் ஓடும் கருவேலங்காம்பைப் பொருத்தி ஆப்பிட்டோம்.

1964இல் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் அம்பத்தூர் வட்டாரம் இயந்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. இத்தகைய ஊர்களில் கையால் அடித்த கருவி பழுதுபடின், செப்பனிடுதலினும் புதியது வாங்குதலே எளிது. கருவி அகலவே, வாய், கண், தோய்ச்சல் முதலிய சொற்களின் தொழிற்பொருளும் வழக்கினின்று அகலும். அகராதி ஒரு சொல்லுக்குப் பொருள் தரும். அப்பொருள் கருவியின் எவ்விடத்தது என்பதைக் காட்டவல்லவர் கொல்லரே. முதுகலை மாணவர் தத்தம் ஊர்ப் பட்டறைகளுக்குச் சென்று, கருவியைக் கையில் வைத்துக்கொண்டே உறுப்புப் பெயர்களைக் கேட்டெழுதுவாராயின், சங்கச் சொற்கள் பலவற்றின் பொருள் தெளிவுறும். இப்பணி காலந்தாழ்த்தற்கு உரியதன்று.