ரேசர்பே பட்டனைக் காணோம்!

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க சித்தப்பா. பண்ருட்டி பக்கத்துல திருவதிகைதான் எங்க ஊர். அவருக்கு முந்திரி வியாபாரம். கணக்கு, ஸ்டாக், ஆன்லைன் ஆர்டர் எல்லாத்துக்கும் ஈஆர்பிநெக்ஸ்ட் போட்டுக் கொடுத்தது நான். மும்பையில இருக்கிற ஃப்ராப்பே கம்பெனி உருவாக்கின ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், லைசென்ஸுக்குக் காசு கிடையாது. ரொம்ப நாளா வெர்ஷன் 13-லயே கிடந்ததை ஒரு சனிக்கிழமை ராத்திரி 14-க்கு ஏத்திட்டுப் படுத்துட்டேன்.

காலையில ஃபோன். "டேய், ரேசர்பே பட்டனைக் காணோம்டா. மெட்ராஸ் பார்ட்டி பணம் கட்ட முடியாம நிக்கிறான்."

எதுவும் உடையல. வேணும்னேதான் எடுத்திருக்காங்க. ரேசர்பே, பேடிஎம், ஸ்ட்ரைப், பேபால் மாதிரி பணம் வாங்குற இணைப்புகளையெல்லாம் 2022-ல வந்த அந்த 14-வது வெர்ஷன்ல மையக் கோடிலிருந்து பிரிச்சு, 'பேமெண்ட்ஸ்'னு தனி ஆப்பா வெச்சுட்டாங்க. மருத்துவமனை, பள்ளிக்கூடம் சம்பந்தமான பகுதிகளும் அப்படியே தனியாப் போயிடுச்சு.

நல்லா ஓடுறதை ஏன் எடுக்கணும்? எனக்கும் முதல்ல கோபம்தான்.

இன்டகிரேஷன்ங்கறது நம்ம வீட்டுலேர்ந்து அடுத்த வீட்டுக்கு வெச்ச கதவு மாதிரி. நம்ம பக்கம் நாம ஒரு வரிகூட மாத்தாட்டியும் அந்தப் பக்கம் மாறிக்கிட்டே இருக்கும். அமேசான் விற்பனையாளர்களுக்குக் கொடுத்திருந்த எம்டபிள்யூஎஸ்ங்கற ஏபிஐ-யை மூடிட்டு எஸ்பி-ஏபிஐ-க்கு மாறச் சொன்னப்போ, பழையதை நம்பி எழுதின கோட் உலகம் முழுக்க ஒண்ணுக்கும் உதவாமப் போச்சு. அதைச் சரிபண்ண, எழுதினவர் இன்னும் புராஜெக்ட்ல இருக்கணும். பெரும்பாலும் இருக்க மாட்டார். கம்பெனி மாறியிருப்பார், குழந்தை பிறந்திருக்கும், ஆர்வம் போயிருக்கும். மிச்சம் இருக்கிற நாலு பேர், தாங்க எழுதாத, தங்களால சோதிக்கவும் முடியாத கோடுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருப்பாங்க.

சும்மா கிடந்தா என்ன கெட்டுப்போச்சுன்னு கேக்கலாம். லாக்4ஜே கதை தெரியுமா? ஜாவா புரோகிராம்கள்ல என்ன நடக்குதுன்னு குறிச்சு வைக்கிற லைப்ரரி அது. 2013-ல யாரோ கேட்டாங்கன்னு, வேற சர்வர்லேர்ந்து தகவல் எடுத்து வர்ற ஒரு வசதியைச் சேர்த்தாங்க. 2021 டிசம்பர்ல பாத்தா, ஒரு வரி எழுத்தை அனுப்பியே அந்த வழியா எவன் வேணா உள்ள நுழையலாம். மைன்கிராஃப்ட் சாட்ல டைப் பண்ணாலே போதும்! ஆபத்துக்கு 10-க்கு 10 மார்க். அந்த வசதி எங்களுக்கே பிடிக்காது, பழைய பயனர்களுக்காக விட்டு வெச்சிருந்தோம்னு பராமரிச்சவங்கள்ல ஒருத்தரே அப்போ எழுதினார்.

எங்க ஊர் கோயில்ல அப்பர் சிலையைப் பாத்தீங்கன்னா கையில உழவாரம் இருக்கும். புல்லைச் செதுக்குற கருவி. சின்ன வயசுல அது ஏதோ ஆயுதம்னு நினைச்சிருக்கேன்.

எடுக்குறதுலயும் ஒரு முறை இருக்கு. பைத்தான்காரங்க செஞ்சது எனக்குப் பிடிக்கும். பழைய மாட்யூல்களை எடுக்கலாம்னு 2019-ல எழுதி வெச்சாங்க. 2022-ல வந்த 3.11 எச்சரிக்கை மட்டும் கொடுத்துச்சு. 2024 அக்டோபர்ல 3.13-லதான் உண்மையாவே எடுத்தாங்க. நடுவுல அஞ்சு வருஷம்! இருந்தும் சிலருக்கு உடைஞ்சிருக்கும். ஏன்னா ஓப்பன் சோர்ஸ்ல யார் எதைப் பயன்படுத்துறாங்கன்னு எழுதினவங்களுக்குத் தெரியாது. எங்க சித்தப்பா மாதிரி ஆளுங்க எந்தக் கணக்குலயும் வர மாட்டாங்க. அவர் கிட்ஹப்ல போய் இஷ்யூ போடுவாரா? எனக்குத்தான் ஃபோன் போடுவார். அறிவிப்பு வந்து சேர வேண்டிய இடம் நான். நான் ரிலீஸ் நோட்ஸைப் படிக்கல.

பேமெண்ட்ஸ் ஆப்பை இன்ஸ்டால் பண்ணி, ரேசர்பே கீயைத் திரும்பப் போட்டு, ஒரு ரூபா அனுப்பிப் பாத்தப்போ மதியம் ஆயிடுச்சு. மெட்ராஸ் பார்ட்டி அதுக்குள்ள வேற கடையில வாங்கிட்டான்.

அப்படியே கையோட, நான் முன்னாடி எழுதி வெச்சதையும் திறந்து பாத்தேன். எப்பவோ கடையை மூடிட்டுப் போன ஒரு எஸ்எம்எஸ் கம்பெனிக்கு இணைப்பு, உள்ள பாஸ்வேர்ட் அப்படியே வெறும் எழுத்துல. அதே பாஸ்வேர்டைத்தான் சித்தப்பாவோட மெயிலுக்கும் வெச்சிருந்தேன். ரெண்டையும் அன்னிக்கே மாத்திட்டு, அந்தக் கோடை அழிச்சேன்.

"அது எதுக்குடா இருந்துச்சு?"ன்னார் சித்தப்பா.

"சும்மாதான் சித்தப்பா"ன்னேன்.