யாருடைய பிள்ளை என்று கேட்காத கன்னியர்

கிளென்ஃபீல்ட், ஓக்லாந்து

பிள்ளையின் பிறந்தநாளுக்கோ, தாய் தந்தையரின் திவசத்துக்கோ, தாயகத்திலுள்ள சிறுவர் இல்லமொன்றுக்கு ஒருநேர உணவுக்கான பணத்தை அனுப்பிவைப்பது புலம்பெயர்ந்த எம்மவர் இல்லங்களில் இன்று வழக்கமாகிவிட்டது. ஓக்லாந்தின் வடகரையில், கிளென்ஃபீல்டிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. போரில் பெற்றோரை இழந்த சிறாருக்கு உணவளிப்பதைக் காட்டிலும் சிறந்த அறம் வேறில்லை என்பதில் ஐயமில்லை. ஆனால், பிறர் பெற்ற பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு எத்தகையது? அதனை ஏற்போர் எவற்றுக்கெல்லாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்? பணம் அனுப்பும் நாம் இவற்றை எண்ணிப் பார்ப்பது குறைவு. அவ்வாறு எண்ணிப் பார்க்க விரும்புவோருக்கு, நாம் தஞ்சம் புகுந்திருக்கும் இந்த நாட்டின் வரலாற்றிலேயே தக்க பாடமொன்று உண்டு. அது, இந்நாட்டு மக்கள் இன்றும் மதிப்போடு நினைவுகூரும் சுசான் ஓபேர் என்னும் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரியின் வாழ்க்கை.

கடல் கடந்து வந்தோர்

நியூசிலாந்து மண்ணில் முதன்முதலாகக் காலடி வைத்த கன்னியர் இரக்கத்தின் சகோதரியர் என்னும் சபையினர். அயர்லாந்தின் கார்லோ நகரிலிருந்து அன்னை செசிலியா மாகரின் தலைமையில் 1850 ஏப்ரலில் அவர்கள் ஓக்லாந்துக்கு வந்து சேர்ந்தனர். அவர்களை அழைத்து வந்தவர் பிரான்சு நாட்டவரான ஆயர் போம்பல்லியே. பள்ளிக்கூடம், அநாதைச் சிறுமியர் இல்லம், நோயாளரைத் தேடிச் சென்று பார்த்தல் எனப் பஞ்சம் பிழைக்க வந்த குடியேறிகளிடையேயும் மவோரி மக்களிடையேயும் அவர்களது பணி தொடங்கியது.

பத்தாண்டுகளின் பின்னர், 1860 டிசம்பர் 30 ஆம் திகதி, அதே ஆயரோடு வந்திறங்கிய குழுவில் ஒருவர் சுசான் ஓபேர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. லியோன் நகருக்கு அண்மையிலுள்ள செயின்ற் சிம்போரியன் டு லே என்னும் ஊரில் 1835 யூன் 19 ஆம் திகதி பிறந்தவர். சிறு வயதில் நேர்ந்த விபத்தொன்றினால் சில காலம் உடல் முடங்கிக் கிடந்தவர். பெற்றோர் திருமணத்தை எதிர்பார்த்திருந்தனர். அவரோ அவர்களது சம்மதமின்றியே கப்பலேறினார். பிறந்த மண்ணில் தாம் இறக்கப் போவதில்லை என்பதை அறிந்தே புறப்பட்ட பயணம் அது.

1862இல் போம்பல்லியே ஆண்டகை உருவாக்கிய திருக்குடும்பச் சபையில் அவர் இணைந்தார். அதே 1862இல், பிரான்சின் போர்தோ நகரைத் தாயகமாகக் கொண்ட வேறொரு திருக்குடும்பச் சபையின் கன்னியர் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கித் தமது மடத்தைத் தொடங்கினர். இரண்டும் வெவ்வேறு சபைகள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. எனினும், ஒரே காலத்தில் கன்னியர் இரு தீவுகளின் ஏழைப் பிள்ளைகளிடம் சென்று சேர்ந்தனர் என்பது, யாழ்ப்பாணத்துத் திருக்குடும்பக் கன்னியர் மடத்தில் கல்வி கற்றுப் பின்னர் இத்தீவில் குடியேறிய எமது பெண்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

முதலில் மொழி

ஓக்லாந்தில் மவோரிச் சிறுமியருக்காக நடந்த நாசரேத்து இல்லத்தில் ஓபேர் பணிபுரிந்தார். அங்கு அவருக்கு ஆசிரியையாக வாய்த்தவர் பெயாற்றா என்னும் மவோரிப் பெண். அவர் ஙாப்புகி இனக்குழுவின் உயர்குடியைச் சேர்ந்தவர். திருமுழுக்குப் பெற்றுத் துறவு வாழ்வை ஏற்றவர். மொழியையும், மரியாதை முறைகளையும், மூலிகைகளையும், நோயாளரை அணுகும் விதத்தையும் ஓபேர் மவோரி மக்களிடமிருந்தே கற்றார். கற்பிக்க வந்தவர் முதலில் மாணவியானார் என்பதே இவ்வரலாற்றின் அடித்தளம்.

1863இல் வைக்காற்றோப் போர் மூண்டது. மவோரி மக்களின் நிலம் பெருமளவில் பறிமுதல் செய்யப்பட்டது. வெள்ளையர் மீது அம்மக்கள் நம்பிக்கை இழந்த காலம் அது. கடனில் மூழ்கிய மறைமாவட்டத்தை விட்டு 1868இல் போம்பல்லியே நாடு திரும்பினார். நாசரேத்து இல்லம் மூடப்பட்டது. பிரான்சுக்குத் திரும்புவதற்கு ஓபேருக்கும் வழியிருந்தது. அவர் திரும்பவில்லை. 1871இல் ஹோக்ஸ் பே பகுதிக்குச் சென்று, அங்கு பன்னிரண்டு ஆண்டுகள் மருத்துவம் பார்ப்பவராகவும் மறைக்கல்வி ஆசிரியராகவும் ஊர் ஊராக நடந்தார். மவோரி மொழி வழிபாட்டு நூலைத் திருத்தி விரிவாக்கி 1879இல் வெளியிட்டார். 1885இல் வெளிவந்த அவரது மவோரி உரையாடற் கையேடு பல பதிப்புகளைக் கண்டு தலைமுறைகள் தாண்டியும் பயன்பட்டது.

பிறர் நாட்டில் மொழி தெரியாது வைத்தியசாலை வாசலில் நின்ற அனுபவம் எம்மில் பலருக்கு உண்டு. நோயைச் சொல்ல ஒரு சொல் கிடைக்காத தவிப்பு எத்தகையது என்பதை நாம் அறிவோம். ஆகவே, ஏழைகளின் மொழியைக் கற்பது சேவையின் முதற்படி என ஓபேர் கருதியதன் பொருளை விளக்கி எழுத வேண்டியதில்லை.

ஆற்றங்கரை யெரூசலேம்

1883இல் அவர் வங்கனுயி ஆற்றின் கரையிலுள்ள ஹிருஹாரமா என்னும் மவோரி ஊருக்குச் சென்றார். யெரூசலேம் என்ற பெயரின் மவோரி வடிவமே ஹிருஹாரமா. வங்கனுயி நகரிலிருந்து ஆற்றின் வழியே மேலே அறுபது கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ள ஊர். 1934 வரை அங்கு செல்ல ஒழுங்கான வீதிகூட இல்லை. படகே வாகனம். அங்கு பள்ளிக்கூடம் நடத்தினர், காடு வெட்டி நிலம் திருத்தினர், பழமரங்கள் நட்டனர். 1888இல் தேவாலயம் எரிந்து சாம்பலானபோது ஓபேர் நாடெங்கும் நன்கொடை கேட்டுச் சென்று அதனை மீள எழுப்பினார்.

பணத்துக்கு வழி தேடியபோது கைகொடுத்தது மருந்து. உள்ளூர்ச் செடிகொடிகளிலிருந்து தாம் தயாரித்த மருந்துகளை, மாருப்பா, பாராமோ முதலான பெயர்களில், 1890களின் தொடக்கத்தில் பெரிய மருந்து நிறுவனமொன்றின் வாயிலாக நாடெங்கும் விற்பனைக்கு விட்டார். மவோரி மக்களின் மூலிகை அறிவும் பிரெஞ்சு நாட்டு மருத்துவ முறைகளும் அவற்றில் கலந்திருந்தன. எமது ஊர்ப் பரியாரிமாரின் குடிநீரையும் எண்ணெயையும் அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

1892இல் அவரது தலைமையில் இரக்க அன்னையின் புதல்வியர் என்னும் சபை முறையாக நிறுவப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த கிளையாக அன்றி, நியூசிலாந்து மண்ணிலேயே முளைத்து நிலைத்த கத்தோலிக்கக் கன்னியர் சபை இது.

பெயர் கேளாத வாசல்

ஏறத்தாழ இக்காலத்திலேயே கைவிடப்பட்ட குழந்தைகள் ஆற்றின் வழியே வந்து சேரத் தொடங்கினர். அக்காலச் சமூகத்தை நினைவில் கொள்ள வேண்டும். திருமணமாகாத தாய்க்கு வேலையில்லை, வீடில்லை, மரியாதையில்லை. பணம் வாங்கிக்கொண்டு குழந்தைகளை ஏற்பதைச் சிலர் தொழிலாக்கினர். அவ்வாறு பெற்ற குழந்தையொன்றைக் கொன்றமைக்காக மினி டீன் என்ற பெண் 1895 ஓகஸ்ற் 12 ஆம் திகதி இன்வெர்கார்கில் நகரில் தூக்கிலிடப்பட்டார். இந்நாட்டில் தூக்கிலிடப்பட்ட ஒரே பெண் அவரே. அவரைத் தூக்கிலிட்ட சமூகம், அவரிடம் குழந்தைகளைக் கொண்டுசென்ற அவலத்தைத் தூக்கிலிடவில்லை.

இத்தகைய சூழலில், தாயின் பெயரை வெளியிடுவதில்லை என்பதை ஓபேர் உறுதியாகக் கடைப்பிடித்தார். குழந்தையின் இனமோ சமயமோ பார்க்கப்படவில்லை. ஒழுக்கக்கேட்டுக்கு இது துணைபோகிறது எனக் கண்டனம் எழுந்தது. கத்தோலிக்கரின் காசு கத்தோலிக்கருக்கே என்ற குரல் திருச்சபைக்குள்ளும் கேட்டது. அவர் அசையவில்லை.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. வந்த குழந்தைகள் யாவரும் பிழைக்கவில்லை. தாய்ப்பாலின்றி, நலிந்த நிலையில், நெடுந்தூரம் கொண்டுவரப்பட்ட சிசுக்கள் பல. 1890களின் இறுதியில் நேர்ந்த மரணங்கள் அரச அதிகாரிகளின் விசாரணைக்கு உள்ளாயின. அன்பு மட்டும் போதாது, வைத்தியரும் பயிற்சி பெற்ற தாதியரும் எட்டிய தூரத்தில் இருக்க வேண்டும் என்பதே அந்தச் சிறு கல்லறைகள் உணர்த்தும் செய்தி.

தலைநகரில் ஒரு தள்ளுவண்டி

1899இல் ஓபேர் சகோதரியர் மூவருடன் வெலிங்டனுக்குச் சென்றார். தீராத நோயாளருக்கு ஓர் இல்லம் எழுந்தது. 1901இல் ஏழைகளுக்கான கஞ்சிச்சாலை திறக்கப்பட்டது. வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளுக்குப் பகற்பராமரிப்பு நிலையம் தொடர்ந்தது. பிரம்பினால் முடைந்த குழந்தைத் தள்ளுவண்டியைத் தெருத்தெருவாகத் தள்ளிச் சென்று, கடைகளில் மிஞ்சிய உணவைக் கேட்டு வாங்கிய கன்னியரை அந்நகரம் நன்கறியும். 1907இல் ஐலண்ட் பே பகுதியில் இரக்க இல்லம் திறக்கப்பட்டது.

கட்டுப்பாடுகள் இறுகியபோது, 1913இல், எழுபத்தெட்டு வயதில், தமது சபைக்குத் திருத்தந்தையின் நேரடி அங்கீகாரம் தேடி அவர் றோமாபுரிக்குப் புறப்பட்டார். உலகப் போர் மூண்டது. அங்கேயே தங்க நேர்ந்தது. 1915இல் இத்தாலியின் அவெற்சானோ நகரைப் பூகம்பம் சிதைத்தபோது காயமுற்றோருக்குப் பணிவிடை செய்தார். 1917இல் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அச்சபைக்கு அங்கீகாரம் வழங்கினார். மறைமாவட்ட எல்லைகளைத் தாண்டி, எந்தச் சமயத்தவருக்கும் பணியாற்றும் உரிமை இதனால் உறுதியாயிற்று. 1920இல் நாடு திரும்பிய முதியவர் செய்த வேலைகளுள் முக்கியமானது, இல்லத்தை முறையான வைத்தியசாலையாகவும் தாதியர் பயிற்சிக் களமாகவும் மாற்ற வழிகோலியமை. ஆற்றங்கரைக் கல்லறைகளின் பாடத்தை அவர் மறக்கவில்லை என இதனைக் கொள்ளலாம்.

1926 ஒக்ரோபர் 1 ஆம் திகதி, தொண்ணூற்றோராவது வயதில், அவர் காலமானார். வெலிங்டன் வீதிகளில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு விடை கொடுத்தனர். 2016 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். வெலிங்டன் கஞ்சிச்சாலை இன்றும் இயங்குகிறது.

தீராத ஒரு கடன்

தாயைக் காப்பாற்றிய அந்த மறைப்பு, பிள்ளையிடமிருந்து ஒன்றைப் பறித்தது. நான் யார், என்னைப் பெற்றவள் எவள் என்ற கேள்வியோடு வாழ்ந்து மறைந்தோர் பலர். இந்நாட்டில் தத்துக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள் வளர்ந்தபின் தமது மூலப் பிறப்புச் சான்றிதழைப் பெறுவதற்கு 1985இல்தான் சட்டம் இடமளித்தது. ஓபேரின் காலத்தில் அந்த மறைப்பு ஓர் உயிரைக் காத்தது. பின்வந்த காலத்தில் அதே மறைப்புப் பல இல்லங்களில் உண்மையை மூடவும் உதவியது.

2024 யூலையில் நியூசிலாந்தின் அரச ஆணைக்குழு வெளியிட்ட இறுதி அறிக்கை அதனை அம்பலப்படுத்தியது. 1950 முதல் 2019 வரை அரச பராமரிப்பிலும் சமய நிறுவனங்களின் பராமரிப்பிலும் இருந்த ஏறத்தாழ 655,000 பேரில் 200,000 பேர்வரை துன்புறுத்தலுக்கு உள்ளாகியிருக்கலாம் என அது மதிப்பிட்டது. அவர்களுள் மவோரிச் சிறார் மிகப் பலர். அதே ஆண்டு நவம்பரில் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். ஒரு பெண்ணின் தியாகத்தைப் போற்றும்போது இதனை நினைவூட்டுவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாது. கருணை என்ற சொல் எழுதப்பட்ட வாசலுக்குள்ளும் கண்காணிப்பு வேண்டும் என்பதே இதன் பொருள்.

நாம் கேட்க வேண்டியவை

இப்போது எமது ஒருநேர உணவுக்கு வருவோம். தாயகத்துச் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகள் யாவரும் பெற்றோரை முற்றாக இழந்தவர்கள் அல்லர். தாயோ தந்தையோ உயிரோடிருந்தும் வறுமையினால் அங்கு விடப்பட்டோர் பலர். அத்தகைய பிள்ளைக்கு ஒருநேர உணவை விட, அதன் தாய்க்கு ஒரு தையல் இயந்திரமோ நாலு ஆடோ பெரிய உதவியாகலாம். ஓபேர் வேலை செய்யும் தாய்மாருக்காகப் பகற்பராமரிப்பு நிலையம் நடத்தியதன் நோக்கமும் இதுவே: தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் காப்பது.

ஆகவே, பணம் அனுப்புமுன் சில கேள்விகளைக் கேட்பதில் தவறில்லை. பிள்ளைகளின் பிறப்புப் பதிவும் குடும்ப விபரமும் பாதுகாப்பாக வைக்கப்பட்டுள்ளனவா? உறவினர் வந்து பார்க்க அனுமதி உண்டா? நோயுற்றால் யார் பார்க்கிறார்கள்? பிள்ளை தன் குறையைச் சொல்ல வெளியாள் ஒருவர் இருக்கிறாரா? பதினெட்டு வயதின் பின் அப்பிள்ளை எங்கு செல்லும்? நேர்மையாக இயங்கும் இல்லம் இக்கேள்விகளுக்கு மனம் கோணாது. மாறாக, தன்னோடு சேர்ந்து பொறுப்பேற்க ஒருவர் வந்தார் என மகிழும்.

இன்னொன்றும் உண்டு. ஏடுகளில் அச்சிடுவதற்காகவும் விழாமேடையில் காட்டுவதற்காகவும், நாம் அனுப்பிய உணவின் முன் அப்பிள்ளைகளை வரிசையாக இருத்திப் படமெடுக்கச் சொல்கிறோம். எமது பெயர் எழுதிய அட்டையை அவர்கள் கையில் கொடுக்கச் சொல்கிறோம். ஒரு தாயின் பெயர் வெளியே தெரியாமலிருக்க நாடே எதிர்த்தபோதும் நின்று பிடித்தவர் ஓபேர். உணவளித்தவரின் பெயர் தெரிய வேண்டும் என்பதற்காகப் பிள்ளையின் முகத்தைக் காட்சிப்பொருளாக்குவதை நாமாவது நிறுத்தலாம். அடுத்த பிறந்தநாளுக்குப் பணம் அனுப்பும்போது, படம் வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்து எழுதுவதற்குச் செலவு எதுவுமில்லை.