தோட்டமும் பூந்தோட்டமும்: ஊவாத் தோட்டக் குடும்பங்களின் தாவர அறிவு பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தமிழிற் ‘தோட்டம்’ என்னுஞ் சொல் மூன்று வகையாக வழங்குகின்றது. ஒருவரது ஊரை அறிய விரும்புபவர் “எந்தத் தோட்டம்?” என்றே வினவுவர். அங்கு அச்சொல் தேயிலை மலையையும், தொழிற்சாலையையும், லயங்களையும், அவற்றில் வாழும் மக்களையும் ஒருங்கே குறிக்கின்றது. லயத்தின் பின்புறத்தே போஞ்சியும் பூசணியும் படரும் சிறு நிலத்துண்டு மரக்கறித் தோட்டம் எனப்படும். விடுமுறை நாளிற் குடும்பத்தோடு சென்று பார்க்கும் ஹக்கலைப் பூங்காவோ பூந்தோட்டமாகும். சொல் ஒன்றாயினும் அது சுட்டும் உறவு மூன்றாகும். முதலாவதிற் தாவரம் விற்பனைப் பண்டம், இரண்டாவதில் உணவு, மூன்றாவதிற் காட்சிப் பொருள்.

பிள்ளைகளைப் பூங்காக்களுக்கும் பண்ணைகளுக்கும் அழைத்துச் சென்று தாவரங்களை அறியச் செய்தல் வேண்டும் என்பது நவீன கல்விச் சிந்தனையில் வேரூன்றிய கருத்தாகும். இலங்கையின் ஆரம்பக் கல்விக் கலைத்திட்டத்தில் இடம்பெறும் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்னும் பாடமும் இக்கருத்தை அடியொற்றியதே. கருத்திற் பிழையில்லை. ஆயின் அது ஒரு குறிப்பிட்ட வகைக் குடும்பத்தைத் தன்னுள் அனுமானித்துக் கொள்கின்றது. ஓய்வு நாளும், பயணச் செலவுக்குப் பணமும் உடைய குடும்பம் அது. தாவரத்தை அன்றாட உழைப்பிலன்றி, உலாவிற் சந்திக்கும் குடும்பம் அது. பகல் முழுவதும் செடிகளுக்கிடையே நிற்கும் பதுளை மாவட்டத் தோட்டக் குடும்பத்தின் பிள்ளை எங்கே, யாரிடம், எவ்வாறு தாவரங்களைக் கற்கின்றது? அந்த அறிவு அறிவாக மதிக்கப்படுகின்றதா? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

1. பூங்காவின் பிறப்பு

தாவரவியற் பூங்கா அழகுக்காக மட்டும் தோன்றியதன்று. பேராதனைப் பூங்கா 1821 இல் நிறுவப்பட்டது. அதன் மலைநாட்டுக் கிளையாகிய ஹக்கலைத் தோட்டம் 1861 இற் சிங்கோனா மரங்களைப் பயிரிட்டுப் பரிசோதிக்கும் பொருட்டு அமைக்கப்பட்டது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினா அம்மரத்தின் பட்டையிலிருந்து பெறப்பட்டது. வெப்பமண்டலக் குடியேற்றங்களில் ஆங்கிலேய ஆட்சி நிலைபெறுவதற்கு அம்மருந்து எத்துணை இன்றியமையாதது என்பது வெளிப்படை. இன்று நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாகப் பதுளை செல்லும் சாலையோரத்தே ரோசாச் செடிகளோடும் பன்னங்களோடும் ஹக்கலை காட்சியளிக்கின்றது. அங்கிருந்து கிழக்கே நோக்கின் ஊவாப் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். பூங்காவில் நிகழ்ந்த பரிசோதனையின் விளைவு அந்தப் பள்ளத்தாக்கிலேயே நிறைவேறியது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிற் பதுளையிலும் இத்தகைய கிளைத் தோட்டம் ஒன்று இயங்கியது.

பெருந்தோட்டத்துக்கு நிலம் கிடைத்த வரலாறும் இதனோடு பிணைந்தது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச்சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுக்கு உரியதாக்கியது. சிங்களக் கிராமத்தவர் சேனை செய்தும், விறகும் மூலிகையும் தேடியும் பயன்படுத்திய நிலம் துரைமாரின் கோப்பித் தோட்டமாயிற்று. அதிற் பாடுபடத் தென்னிந்தியத் தமிழ்க் கிராமங்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். ஒரு மக்கட் கூட்டம் தான் அறிந்த தாவரங்களிலிருந்து விலக்கப்பட்டது. இன்னொரு மக்கட் கூட்டம் தான் அறியாத தாவரங்களிடையே கொண்டுவந்து நிறுத்தப்பட்டது.

அவ்வாறு வந்தோர்க்குக் கிடைத்த முதலாவது தாவரப் பாடம் ஒரு பொய்யாகும். செடியின் அடியைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி ஆட்களைச் சேர்த்தனர் என்ற கதை மலையகத்தில் இன்றும் வழங்குகின்றது. அக்கதையின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், தாவர அறிவு ஒரு வர்க்கத்தின் கையில் இருக்கும்போது மறுவர்க்கம் எதற்கு ஆளாகும் என்பதை மக்கள் நினைவு அதிற் பதித்து வைத்துள்ளது. கோகிலம் சுப்பையா தமது நாவலுக்குத் ‘தூரத்துப் பச்சை’ எனப் பெயரிட்டமையும் இவ்வனுபவத்தை நினைவூட்டுவதாகும்.

2. உழைப்பு கற்பிக்கும் தாவரவியல்

தோட்டப் பிள்ளையின் கல்வி பிள்ளை மடுவத்திலேயே தொடங்கிவிடுகின்றது. பள்ளி விடுமுறையில் மலைக்குச் சாப்பாடு கொண்டு செல்லும்போதும், மாலையிற் கொழுந்து மடுவத்தில் தாயின் அருகே நிற்கும்போதும் அது தொடர்கின்றது. எந்தக் குருத்துப் பறிக்கத்தக்கது, எது வளர்ச்சி நின்று முற்றிப் போனது என்பதைத் தாயின் விரல்கள் கண்ணுக்கு முன்னரே அறிகின்றன. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அவை கிள்ளியெடுக்கின்றன. அதே நிரைக்கு ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள்களிற் திரும்ப வரவேண்டும் என்பதைச் செடியே கற்பிக்கின்றது. மனிதக் கை உழைப்பின் கருவி மட்டுமன்று, உழைப்பினால் உருவானதுமாகும் என எங்கெல்ஸ் 1876 இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். கொழுந்து பறிக்கும் கையைப் பார்ப்போர்க்கு அக்கூற்றுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

தேயிலை இயல்பிற் புதர் அன்று, மரம் ஆகும். பறிக்கப்படாது கைவிடப்பட்ட மலையில் அது உயர்ந்து வளர்ந்து, மஞ்சள் மகரந்தத் தாள்கள் செறிந்த வெண்ணிறப் பூக்களைப் பூத்துக் காய்க்கும். நுனி அரும்பை நீக்கினால் பக்க அரும்புகள் கிளைக்கும் என்ற தாவரவியல் விதியே, அதனை இடுப்பளவு உயரத்தில் மேசைபோல நிறுத்தி வைத்திருக்கின்றது. காடாகிப் போன மலையையும் பறிக்கும் மலையையும் அருகருகே கண்ட பிள்ளைக்கு இவ்விதி பாடநூலுக்கு முன்னரே தெரிந்துவிடுகின்றது. ஆண்களின் கவ்வாத்து வேலையிலும் இத்தகைய அறிவு உண்டு. வெட்டு வாயில் மழைநீர் தங்கி அழுகாதவாறு சாய்வாக வெட்டுதலும், எந்தக் கிளையை விட்டு எதை நீக்குவது எனத் தெரிதலும் பல்லாண்டுப் பயிற்சியால் வருவன. வெட்டி வீழ்த்திய மிலாறு அடுப்புக்கு வருகின்றது. எந்த விறகு நின்று எரியும், எது புகையும் என்பதும் தாவர அறிவே.

நிழல் மரங்கள் பற்றிய அறிவும் இவ்வாறானது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரெவில்லியா மரத்தைத் தோட்ட மக்கள் சவுக்கு என வழங்குவர். முள்முருங்கை நிழலுக்கும், வெட்டிப் போட்டால் மண்ணுக்கு உரமாகவும் பயன்படும் என்பதை அவர்கள் அறிவர். லயத்து மரக்கறித் தோட்டத்தில் இவ்வறிவு உணவோடு சேர்கின்றது. போஞ்சி, கோவா, கரட், உருளைக்கிழங்கு ஆகியன வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளின் முக்கிய பயிர்கள். அயற் கிராமத்துச் சிங்கள விவசாயியின் தோட்டத்தில் நாட்கூலிக்குச் சென்று கற்றவற்றைத் தன் லயத்துப் பாத்தியில் நட்டுப் பார்க்கும் தொழிலாளி, இரு சமூகங்களின் உழைப்பு அறிவையும் இணைக்கின்றான். 1973, 1974 ஆம் ஆண்டுகளிற் பஞ்சம் தோட்டங்களைத் தாக்கியபோது, எந்தக் கீரை உண்ணத்தக்கது, எந்தக் கிழங்கை எவ்வாறு வேகவைப்பது என்பன உயிர் காக்கும் அறிவாயின.

ஊவாவின் தனித்தன்மை ஒன்றையும் இங்குக் கூறுதல் வேண்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றினாற் கொழுந்தின் வளர்ச்சி மந்தமாகின்றது. அக்காலத்துத் தேயிலையிலேயே உலகம் போற்றும் ஊவாவின் தனி மணம் பிறக்கின்றது. கொழும்பு ஏல விற்பனையில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆயின் பறிப்பவளின் உழைப்பு மணத்தினால் அன்றி, நிறையினாலேயே அளக்கப்படுகின்றது. செடி வாடுகையிற் கூடை இலேசாகின்றது. கூடை இலேசாகும்போது பண்டத்தின் விலை உயர்கின்றது. பயன்மதிப்பும் பரிவர்த்தனை மதிப்பும் பற்றிய மார்க்சியப் பாடத்தை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

3. குறிஞ்சிப்பாட்டுத் தரும் சான்று

உழைப்பிடமே தாவர அறிவின் பள்ளி என்பதற்குத் தமிழிலக்கியத்திற் பழைய சான்று உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களைப் பெயர் சொல்லிக் கூறுகின்றது. இப்பட்டியலைப் புலவரின் நினைவாற்றலுக்குச் சான்றாக மட்டும் கொள்வது நமது ஆய்வு மரபின் வழக்கம். அப்பெயர்களை யார் கூற்றாக அமைத்தார் என்பது போதிய கவனம் பெறவில்லை. அவை தோழியின் கூற்றில் வருவன. தலைவியும் தோழியும் தினைப்புனத்திற் கிளி ஓட்டச் சென்றவர்கள். அருவியாடிப் பூக்கொய்து பாறையிற் குவித்தவர்கள். காவல் வேலையும் விளையாட்டும் பிரியாத நிலையில் அவ்வறிவு பிறந்தது. திணைக் கோட்பாட்டிலே மரமும் பூவும் தொழிலும் உணவும் கருப்பொருளென ஒரே வரிசையில் வைக்கப்பட்டமை தற்செயலன்று.

முதலாளித்துவப் பெருந்தோட்டம் இந்த ஒருமையை உடைத்தது. அங்குத் தொழில் வேறு, விளையாட்டு வேறு. செடி வேறு, அதைப் பற்றிய அறிவு வேறு. செடியைத் தொடுபவள் ஒருத்தி. அதன் இலத்தீன் பெயரை எழுதுபவர் இன்னொருவர்.

4. உழைப்பறிவின் எல்லை

இதனைக் கொண்டு தொழிலாளியின் அறிவே போதுமானது, விஞ்ஞானம் வேண்டாம் என்று கூறுதல் வெறும் கற்பனாவாதமாகும். இதற்கும் ஊவாவே சான்று தருகின்றது. கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதல் 1869 இற் பதுளையை அடுத்த மடுல்சீமைப் பகுதியிலே கண்டறியப்பட்டது. இலையின் அடிப்புறத்தே படிந்த செம்மஞ்சட் பொடியை வெறுங் கண்ணாலேயே காணலாம். ஆயின் அது ஒரு பங்கசு என்பதும், அதன் வித்திகள் காற்றிற் பரவுகின்றன என்பதும் நுணுக்குக்காட்டியின் துணையின்றி விளங்கியிரா. 1880 இல் இலங்கைக்கு வந்த மார்ஷல் வார்ட் இதனை விரிவாக ஆராய்ந்து, இடைவெளியின்றி ஒரே பயிரை மலைமலையாக நட்டமையே நோய் பரவ வழிசெய்தது என்று காட்டினார். உழைப்பின் கண்ணும் விஞ்ஞானத்தின் கண்ணும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அவற்றைப் பிரித்து வைத்திருப்பது உற்பத்தி உறவே.

இப்பிரிவினை எத்துணைச் செயற்கையானது என்பதற்கு ஓர் எளிய எடுத்துக்காட்டுக் கூறலாம். இலையில் மாப்பொருள் உண்டா என அயடீன் கரைசலைக் கொண்டு சோதித்தல் பாடசாலை விஞ்ஞானத்தில் யாவரும் செய்யும் பரிசோதனை. கவ்வாத்துக்கு முன்னர், செடி மீண்டும் தளிர்ப்பதற்குப் போதிய மாப்பொருள் வேரில் உண்டா என அறிவதற்கும் அதே அயடீனே பயன்படுகின்றது. தந்தை கவ்வாத்து வெட்டும் மலையும் மகள் பரிசோதனை செய்யும் வகுப்பறையும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள். அதனை மகளுக்கு எடுத்துரைப்பார் இல்லாமையாற் தந்தையின் தொழில் வெட்கத்துக்குரியதாகவும், பாடம் மனனத்துக்குரியதாகவும் எஞ்சுகின்றன. அத்தோட்டத்தை விட்டு நீங்குவதே கல்வியின் பயன் என்று அவள் எண்ணுவாளாயின் அவளைக் குறைகூற இயலாது.

5. செய்யத்தக்கன

இன்று ஊவாத் தோட்டங்களுக்குக் குடும்பச் சுற்றுலா வருவோர் பலர். ஹப்புத்தளையில் அடிஷாம் மாளிகையையும், தம்பேதென்னைக்கு மேலுள்ள லிப்டன் சீட்டையும் கண்டு, கொழுந்துக் கூடையோடு படமெடுத்துச் செல்கின்றனர். அவர்கள் காண்பது பசுமை. உழைப்பு அக்காட்சியின் அலங்காரமாகிவிடுகின்றது. மறுபுறம் தோட்டக் குடும்பம் தனது ஞாயிற்றுக்கிழமையைக் கைக்காசுக் கொழுந்துக்கும் விறகுக்கும் துணி துவைத்தலுக்கும் செலவிடுகின்றது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களினாற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவை தனியார் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. பெயர்ப்பலகை மாறியது, அறிவின் அதிகார வரிசை மாறவில்லை.

ஆதலால் பூங்காவுக்கும் பண்ணைக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் முயற்சி மூன்று வகையில் விரிவு பெறுதல் வேண்டும். முதலாவது, பாடசாலைப் பயணம் ஹக்கலையிலே தொடங்கி ஹக்கலையிலே முடிதல் ஆகாது. அது பெற்றோர் உழைக்கும் மலைக்கும் செல்லுதல் வேண்டும். அங்கு விளக்கமளிப்போர் கொழுந்து பறிக்கும் பெண்களாகவும் கவ்வாத்துத் தொழிலாளராகவும் இருத்தல் வேண்டும். அந்நேரத்துக்குரிய கூலியும் அவர்களுக்கு வழங்கப்படுதல் வேண்டும். இரண்டாவது, தோட்ட மக்கள் வழங்கும் தாவரப் பெயர்களையும் வேலைச் சொற்களையும் தொகுக்கும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளுதல் வேண்டும். நாட்டார் பாடல்களைத் தொகுப்பதில் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் காட்டிய அக்கறை இத்துறைக்கும் உரியது. பதுளையில் 2005 முதல் இயங்கும் ஊவா வெல்லச பல்கலைக்கழகத்தின் விவசாய விஞ்ஞானிகளோடு தமிழறிஞர் கைகோத்தால், பெயரும் விளக்கமும் ஒரே ஏட்டில் அமையும்.

மூன்றாவது, நிலமும் ஓய்வும் பற்றியது. 2015 இன் பின்னர் முன்னெடுக்கப்பட்ட தனிவீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்ற அளவு வகுக்கப்பட்டது. ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச். வீடு போக எஞ்சும் இடத்தில் எத்தனை பாத்திகள் அமையும் என்பதை வாசகர் கணித்துக்கொள்ளலாம். தான் நட்ட செடியின் காய் தனக்கே உரியது என்ற உறுதி இல்லாத இடத்திற் தாவர அறிவு கூலிக்குரிய திறனாகவே நின்றுவிடும். பிள்ளையோடு ஒரு பகற்பொழுதைச் செடிகளிடையே கழிக்க முடியாத தாய்க்கு, அவள் அறிந்த யாவற்றையும் கையளிக்க நேரமும் கிடையாது. ஆகவே தோட்டப் பிள்ளையின் தாவரக் கல்வி என்பது கலைத்திட்டத் திருத்தத்தோடு முடியும் விடயமன்று. கூலி, வேலை நேரம், காணியுரிமை ஆகியவற்றுக்கான போராட்டத்தோடு ஒன்றிய விடயமாகும்.