வாங்குவோர் மனமறிதல்

வியாபாரத்திற்கு முதற்கண் வேண்டுவது பணமே என்பது பலர் கொள்கை. ஆராயுமிடத்து, பணத்தினும் முற்பட வேண்டுவது வாங்குவோர் மனத்தை அறியும் அறிவே என்பது புலனாகும். சரக்கு நல்லதாயிருந்தும் விலைபோகாமையால் நஷ்டமுற்றோர் பலருளர். செல்வர் அந்நஷ்டத்தைத் தாங்குவர். கடன்பட்டு முதலிட்ட எளியோர் ஒருமுறை வீழ்ந்தால் மீண்டெழுதல் அரிது. ஆதலின், இவ்வறிவைப் பெறும் வழிகளை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

நம் மாவட்டத்து மார்த்தாண்டத்தில், 1920-களில், ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் ஸ்பென்சர் ஹாட்ச் என்பாரைக் கொண்டு கிராமப் புனருத்தாரண நிலையமொன்றை நடத்தினர். சுற்றுப்புறத்தார் அங்கே தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும் பயின்றனர். முட்டைகளைச் சோதித்து, நல்லனவற்றையே கூட்டுறவு முறையில் விற்றனர். இதன் நுட்பம் யாதெனின், முட்டை வாங்குவோர் அஞ்சுவது விலையை மட்டுமன்று, அழுகலையுமாம். தேன் வாங்குவோர் ஐயுறுவது கலப்பையாம். அவ்வச்சத்தை நீக்கியவனே சரக்கை விற்பான்.

இத்தகைய அச்சத்தையும் விருப்பத்தையும் வாங்குவோர் வாய்மொழியாலேயே அறியும் முறை ஒன்றுண்டு. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கொலம்பியா பல்கலைக்கழகத்து அறிஞர்களாகிய பால் லாசர்ஸ்ஃபெல்டு, ராபர்ட் மெர்ட்டன் என்போர் வானொலி கேட்போரை ஆராய்ந்தனர். நிகழ்ச்சியிற் பிடித்த பகுதிக்குப் பச்சைப் பொத்தானும், பிடியாத பகுதிக்குச் சிவப்புப் பொத்தானும் அழுத்துமாறு அவர்களைப் பணித்தனர். பொத்தான் விருப்பு வெறுப்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டாது. ஆதலின், பின்னர் அவர்களைக் குழுவாக வைத்துக் காரணத்தை உசாவினர். பிற்காலத்தில் வணிகர் கைக்கொண்ட குழு உரையாடல் முறைக்கு இதுவே வித்தாயிற்று.

இம்முறையில் ஆறு முதல் பத்துப் பேரை ஒருங்கு கூட்டி, நடுவர் ஒருவர் உரையாடலை நடத்துவர். "இத்தேன் நன்றாயிருக்கிறதல்லவா?" என்று கேட்பது பயனற்றது, தாட்சணியத்தால் யாவரும் "ஆம்" என்பர். "கடைசியாகத் தேன் வாங்கியது எப்போது? எங்கே? எதன்பொருட்டு?" என்று கேட்டல் வேண்டும். மிகுதியாகப் பேசுவோரை அடக்கி, வாளாவிருப்போரைப் பேசுவித்தலும் நடுவர் கடமையாம்.

எனினும், பத்துப் பேர் சொல் பதினாயிரவர் சொல்லாகாது. குழுவினால் காரணம் விளங்கும்; தொகை விளங்காது. தொகையை அறியப் பலதிறத்தாரையும் பாரபட்சமின்றித் தெரிந்தெடுத்துக் கணக்கெடுத்தல் வேண்டும். ஒன்றை மட்டும் நம்புதலால் வரும் கேட்டிற்குக் கோக்க கோலா கம்பெனி சான்றாகும். ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரைச் சுவைபார்க்கச் செய்தபின், 1985 ஏப்ரலில் அக்கம்பெனியார் தம் பானத்தின் சுவையை மாற்றினர். முன்னமே குழு உரையாடல்களிற் சிலர் சினந்திருந்தனர். அச்சினம் உடனிருந்தோரையும் தொற்றியது. ஆயினும் கணக்கே பெரிதென மதிக்கப்பட்டது. ஜனங்களின் எதிர்ப்பால், மூன்று மாதத்திற்குள் பழைய பானத்தையே மீட்டுத் தர நேர்ந்தது.

வாய்ச்சொல்லோடு ஒழுக்கத்தையும் நோக்குதல் மூன்றாம் வழி. கடலூரிற் சின்னி கிருஷ்ணன் என்பார், புட்டி வாங்க இயலாத எளியோரும் ஷாம்பு வாங்குமாறு அதனைச் சிறு உறைகளில் அடைத்து விற்றார். அவர் மைந்தர் சி. கே. ரங்கநாதன் 1983-இல் தனியே தொழில் தொடங்கி, 'சிக்' ஷாம்பு உறைகளை விற்றார். கிராமத்தார் பலர் தலைக்குச் சோப்பே தேய்த்துவந்தமையால், ஊர்தோறும் சிறுவர் தலையைக் கழுவிக் காட்டினர்; காலி உறைகளைத் திருப்பித் தந்தோர்க்குப் புதிய உறை இலவசமாயிற்று. மல்லிகை, ரோஜா மணங்கள் சேர்ந்தபின் விற்பனை மேலும் பெருகிற்று. எளியோர் ஷாம்புவை வெறுத்தாரல்லர். ஒருங்கே பெருந்தொகை கொடுக்கும் வகையற்றிருந்தனர் என்பதே இதனால் விளங்கும் உண்மை.

இவற்றிற்குப் பெருமுதல் வேண்டுவதில்லை. தேனோ மட்டி வாழைப்பழமோ விற்க எண்ணும் இளைஞன், வடசேரிச் சந்தையில் நாலு நாள் நின்று, யார் எதனை எடுத்துப் பார்த்து வாங்காது வைத்துப் போகின்றனர் என்பதை நோக்கலாம். பின் எட்டுப் பேரை அழைத்துக் காரணம் கேட்கலாம். அதன்பின் நூறு வீடுகளில் விசாரிக்கலாம். அங்ஙனம் அறிந்ததை வாங்குவோரை ஏமாற்றப் பயன்படுத்தாது, அவர் குறை தீர்க்கப் பயன்படுத்துவதே நெறி. தன் எண்ணத்தையே பிறர் எண்ணமெனக் கொள்வதைக் காட்டிலும், பொறுமையுடன் பிறர் சொற் கேட்டல் எத்தொழிலுக்கும் நலம் பயக்கும்.