குளிர்ச்சி மூலிகைக்கும் ஒரு ஜோடி

 

நம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் விற்கும் செவ்வந்திப்பூ டீயைக் குடிக்காதவர் யாராவது இருக்கிறீர்களா? இருக்க மாட்டீர்கள். வாயில் புண் வந்தாலும், தொண்டை கட்டினாலும், டுரியானை ஒரு கை பார்த்துவிட்டு வந்தாலும் "உடம்பு சூடு, போய் ஒரு லியாங் டீ வாங்கிக் குடி" என்று சொல்வதற்கு ஒருவர் வந்துவிடுவார். அதோடு விட்டால் பரவாயில்லை. சீன மருந்துக் கடையில் இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று வாங்கி வந்து எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் காய்ச்சுகிறவர்களும் உண்டு. கேட்டால், "குளிர்ச்சிதானே, என்ன ஆகிடப் போகுது?" என்பார்கள்.

சீன வைத்தியர்கள் அப்படி நினைக்கவில்லை. குளிர்ச்சி மூலிகையைத் தனியாக விட அவர்களுக்குப் பயம் என்றே சொல்லலாம். எந்த மூலிகைக்கு எது ஜோடி என்று கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுகளாக யோசித்திருக்கிறார்கள். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். சீன மருத்துவத்தில் மூலிகைகளுக்கு நான்கு குணம்: கடுங்குளிர்ச்சி, குளிர்ச்சி, மிதச்சூடு, சூடு. எதிலும் சேராதது நடுநிலை. இது தெர்மாமீட்டரில் அளக்கிற சூடு இல்லை. செவ்வந்தியைக் கொதிக்கக் கொதிக்கக் குடித்தாலும் அது குளிர்ச்சிதான். இஞ்சி டீயில் ஐஸ் போட்டாலும் அது சூடுதான். வெந்தயம் குளிர்ச்சி, அன்னாசி சூடு என்று நம்ம பாட்டி சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

சீனர்களின் மிகப் பழைய மூலிகை நூல் 'ஷென்னோங் பென்சாவ்'. மூலிகைகள் ஒன்றோடொன்று பழகும் விதத்தை அது ஏழாகப் பிரிக்கிறது. நம்ம வகுப்பில் குழு வேலை கொடுத்தால் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சிலர் தனியாகவே செய்வார்கள். ஒரே குணம் உள்ள இருவர் சேர்ந்தால் வேலை இரண்டு மடங்கு நடக்கும். ஒருவர் தலைவராகவும் இன்னொருவர் உதவியாளராகவும் இருப்பார்கள். ஒருவருடைய முரட்டுத்தனத்தை இன்னொருவர் அடக்குவார். சில ஜோடிகளில் ஒருவர் இன்னொருவரின் திறமையைக் கெடுத்துவிடுவார். சில பேரைச் சேர்த்தாலே சண்டைதான்! இந்தச் சண்டைக்கார ஜோடிகளுக்கென்றே பிற்காலத்தில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். எல்லா மருந்திலும் சமாதானம் செய்து வைக்கிற அதிமதுரத்துக்குக்கூட அதில் எதிரிகள் இருக்கிறார்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஜோடிக்கு வருகிறேன். ஒன்று ஷி காவ். இது செடியே இல்லை, கல்! வேதியியலில் படித்த ஜிப்சம், அதாவது நீர் சேர்ந்த கால்சியம் சல்பேட். கை முறிந்தால் போடும் மாவுக்கட்டு இதைச் சுட்ட பொடிதான். சுடாத கல்லை உடைத்துக் காய்ச்சினால் அது உள்ளே குடிக்கும் மருந்து. சுட்டுவிட்டால் மேலே பூச மட்டும்தான். இன்னொன்று சி மூ என்ற செடியின் கிழங்கு. கல் சூட்டை வெளியே தள்ளும், ஆனால் காய்ச்சலில் வற்றிப்போன ஈரத்தைத் திருப்பித் தராது. கிழங்கு ஈரத்தைத் தரும். அதனால்தான் இருவரும் சேர்ந்தால் பலம் என்கிறார்கள்.

இந்த ஜோடியை எழுதி வைத்தவர் சாங் சோங்சிங். சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் ஹெனான் பகுதியில் வாழ்ந்த வைத்தியர். அவருடைய குடும்பத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்களாம். பத்து வருஷம் முடிவதற்குள் மூன்றில் இரண்டு பங்கு பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் காய்ச்சல் நோயால் போனவர்கள். இதை அவரே தன் நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். அந்தத் துக்கத்தில் எழுதிய நூலில் வருவதுதான் 'வெள்ளைப் புலிக் கஷாயம்'. உடம்பு தகிக்கிறது, வியர்வை கொட்டுகிறது, தாகம் அடங்கவில்லை, நாடி துள்ளுகிறது என்றால் இதைக் கொடுப்பார்கள்.

கஷாயத்தில் கல்லும் கிழங்கும் மட்டும் இல்லை. கொஞ்சம் அதிமதுரமும் அரிசியும் இருக்கின்றன. ஆமாம், சோறு வடிக்கிற அரிசிதான்! எவ்வளவு நேரம் காய்ச்சுவது என்பதற்கு அவர் சொன்ன கணக்கு இன்னும் அழகு: அரிசி வெந்ததா, மருந்து தயார். ஏன் அரிசி? அவ்வளவு குளிர்ச்சி வெறும் வயிற்றில் இறங்கினால் வயிறு தாங்காது. காய்ச்சலை அடிக்கப் போன மருந்து நோயாளியின் ஜீரணத்தை அடித்துவிடக் கூடாது. கஞ்சியும் அதிமதுரமும் நடுவில் நின்று வயிற்றைப் பார்த்துக்கொள்கின்றன. நான்கு பொருளில் இரண்டு சூட்டைத் தணிக்க, மீதி இரண்டு அந்தக் குளிர்ச்சியிடமிருந்து ஆளைக் காப்பாற்ற! "குளிர்ச்சிதானே" என்று அலட்சியமாகச் சொல்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்தக் கல்லுக்குப் பிறகு ஒரு புது ஜோடியும் கிடைத்தது. சாங் சிச்சுன் (1860–1933) என்ற வைத்தியர், மேற்கிலிருந்து வந்த ஆஸ்பிரின் மாத்திரையோடு ஜிப்சம் கஷாயத்தைச் சேர்த்துக் கொடுத்தார். ஆஸ்பிரின் வியர்க்க வைத்துச் சூட்டை வெளியே விடும், ஜிப்சம் உள்சூட்டைத் தணிக்கும் என்பது அவர் கணக்கு. இதை நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்! நம் வயதில் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது என்பது இன்றைய மருத்துவம். ஆனால் புதிதாக வந்த மாத்திரையையும் "உனக்கு ஜோடி யார்?" என்று கேட்ட அந்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்தது பூ ஜோடி. ஜின் யின் ஹுவா என்றால் தங்க வெள்ளிப் பூ. வெள்ளையாகப் பூத்து மறுநாள் மஞ்சளாக மாறும். அதனால் ஒரே கொடியில் இரண்டு நிறமும் இருக்கும், பெயரும் அப்படி வந்தது. இதற்கு ஜோடி லியான் சியாவ் என்ற காய். தொண்டை வலியோடு காய்ச்சல் ஆரம்பிக்கும்போது இந்த இரண்டும் ஒன்றாகவே போகும். 1798-இல் வூ சூதோங் எழுதிய 'வெப்ப நோய்கள்' நூலில் இரண்டு பெயரிலிருந்தும் ஒவ்வொரு எழுத்தை எடுத்து 'யின் சியாவ்' பொடி என்றே பெயர் வைத்திருக்கிறார். வூ சூதோங்குக்கு 19 வயதாக இருக்கும்போது அப்பா நோயில் இறந்துபோனார். அதன் பிறகுதான் அவர் மருத்துவ நூல்களைக் கையில் எடுத்தார்.

கல்லை நிறைய நேரம் காய்ச்ச வேண்டும். பூவை அப்படிக் காய்ச்சக் கூடாது. வாசனை நன்றாகக் கிளம்பியதும் இறக்கிவிட வேண்டும் என்று வூ சூதோங் கண்டிப்பாகச் சொல்கிறார். "நல்லா கொதிச்சாதான் சத்து இறங்கும்" என்று அரை மணி நேரம் அடுப்பில் விடுவது நம்ம ஊர்ப் பழக்கம். வேருக்கு அது பொருந்தும், பூவுக்குப் பொருந்தாது. இந்தப் பொடியில் கொஞ்சம் மிதச்சூடான மூலிகையும் சேர்கிறது. முழுக்கக் குளிர்ச்சியாகவே இருந்தால் நோய் வெளியேறும் கதவு அடைத்துக்கொள்ளுமாம்.

முழுக்க முழுக்க எதிரிகளையே ஜோடியாக்கியதும் உண்டு. ஹுவாங் லியான் என்ற மஞ்சள் வேரைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக் கடை அங்கிள் ஒரு சின்னத் துண்டு கொடுத்தார். வேப்பங்கொழுந்து இதற்கு முன்னால் மிட்டாய்! ஊமை ஹுவாங் லியான் தின்ற மாதிரி என்று, கஷ்டத்தை வெளியே சொல்ல முடியாதவர்களைப் பற்றிச் சீனர்களிடம் ஒரு பழமொழியே இருக்கிறது. கடுங்குளிர்ச்சியான இந்த வேரில் ஆறு பங்கு, வூ சூ யூ என்ற சூடான காய் ஒரு பங்கு. நெஞ்செரிச்சலுக்கும் புளித்த ஏப்பத்துக்கும் சூ தான்சி (1281–1358) கொடுத்த மாத்திரை இது. சூட்டைத் தணிக்கும் மருந்தில் எதற்குச் சூடு? வேரின் குளிர்ச்சியில் வயிறு உறைந்துவிடாமல் இருக்கவும், தேங்கி நிற்கும் வாயுவை இறக்கவும்தான். ஆறுக்கு ஒன்று என்ற அளவை மாற்றினால் மருந்தின் வேலையே மாறிவிடும்.

இன்னும் ஒரு ஜோடி. வூ சூதோங்கின் அதே நூலில் சிங் ஹாவ் என்ற செடியும் ஆமை ஓடும் சேர்ந்து வருகின்றன. இரவானால் ஏறி, விடிந்தால் இறங்கும் காய்ச்சலுக்கு. ஆழத்தில் ஒளிந்திருக்கும் சூட்டிடம் செடியால் தனியாகப் போக முடியாது, ஓடு வழிகாட்டி உள்ளே அழைத்துப் போகும். ஓடு தனியாக வெளியே வர முடியாது, செடி அதை வெளியே அழைத்து வரும் என்பது அவர் விளக்கம். இந்தச் சிங் ஹாவ்தான் மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினைக் கொடுத்தது. அதைக் கண்டுபிடித்த தூ யூயூ அம்மையார் 2015-இல் நோபல் பரிசு பெற்றார். வேடிக்கை என்னவென்றால், அந்த நவீன மருந்தையும் தனியாகக் கொடுக்க வேண்டாம், இன்னொரு மருந்தோடு சேர்த்தே கொடுங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. தனியாகக் கொடுத்தால் மலேரியாக் கிருமி பழகிவிடும் என்பது அவர்கள் காரணம். காரணம் வேறு, ஆனால் ஜோடி வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை!

20-ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங்கில் ஷி சின்மோ (1881–1969) என்ற வைத்தியர் இருந்தார். மருந்துச் சீட்டில் மூலிகைகளை இரண்டிரண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது அவர் வழக்கம். அவருடைய மாணவர் அந்த ஜோடிகளைத் தொகுத்து ஒரு புத்தகமே போட்டிருக்கிறார்.

சரி, இவ்வளவு யோசித்தவர்களுக்கே சறுக்கிய இடமும் இருக்கிறது. லோங் தான் என்ற கசப்பு வேரை முக்கியமாக வைத்து ஒரு புகழ்பெற்ற குளிர்ச்சி மருந்து. அதில் சூட்டைச் சிறுநீர் வழியாக இறக்க மூ தோங் என்ற கொடியைச் சேர்ப்பார்கள். மூ தோங் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் உண்டு. பழைய காலத்துச் செடிக்குப் பதிலாக 20-ஆம் நூற்றாண்டில் குவான் மூ தோங் என்ற வேறொரு கொடி கடைகளுக்கு வந்துவிட்டது. அதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். இந்த மருந்தைச் சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. 2003-இல் சீன அரசே குவான் மூ தோங்கை மருந்தாகப் பயன்படுத்தத் தடை போட்டது. பெயர் ஒன்றுதான், ஆள் வேறு!

பக்கத்திலேயே இன்னொரு கதை நடந்திருக்கிறது. பிறந்த குழந்தைக்குக் கருச்சூடு போகட்டும் என்று ஹுவாங் லியான் தண்ணீர் கொடுப்பது பழைய சீன வழக்கம். அந்த வேரின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பெர்பெரின் என்ற பொருள். ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சுலபமாக உடையும். மஞ்சள் காமாலை முற்றினால் மூளையே பாதிக்கப்படும். இந்தப் பயத்தால் 1978-இல் சிங்கப்பூர் அரசு பெர்பெரினைத் தடை செய்தது. ஹுவாங் லியானுக்கு அந்தத் தடை நீங்கியது 2013-இல்தான். குழந்தைகளுக்கும் இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கும் எச்சரிக்கை இன்றும் உண்டு. நம் நாட்டில் பிறக்கும்போதே தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தச் சோதனையைச் செய்துவிடுகிறார்கள். உங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்று அம்மாவிடம் இன்றைக்கே கேட்டு வையுங்கள். இந்தக் குறைபாடு சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரிடமும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றால் டிங்கியாகவும் இருக்கலாம். லியாங் டீ குடித்துக்கொண்டே நாலைந்து நாள் காத்திருப்பது ஆபத்து. இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விடவில்லை என்றால் கிளினிக்கில் இரத்தம் பார்க்க வேண்டும். அடிக்கடி வயிற்றுப்போக்கு வருபவர்கள், கை கால் எப்போதும் சில்லென்று இருப்பவர்கள் ஆகியோருக்குச் சீன வைத்தியர்களே குளிர்ச்சி மூலிகையைக் கொடுக்கத் தயங்குவார்கள். நாக்கையும் நாடியையும் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

கடைகளில் பெட்டியில் வரும் மருந்து என்றால் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணின் முடிவில் 'டி' எழுத்து இருந்தால் அது பாரம்பரிய மருந்தாகப் பதிவானது. இழுப்பறையிலிருந்து எடுத்துத் தாளில் கட்டிக் கொடுக்கும் காய்ந்த மூலிகைக்கு இந்த எண் இருக்காது. அதை வாங்கும்போது ஒவ்வொன்றின் பெயரையும் சீன எழுத்தில் ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நாளைக்கு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், "என்ன குடிச்சீங்க?" என்று டாக்டர் கேட்கும்போது அந்தச் சீட்டை நீட்டலாம்.