ஐயச் சொற்களை அறிந்துகொள்வோம்

விடியற்காலையில் வாசற்படியில் நின்று வானத்தைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்ட முடியாது. ஆகவே மழையைப் பற்றிப் பேசும்போது நம் பெரியவர்கள் சொல்லை அளந்துதான் பேசினார்கள். 'மழை வந்தாலும் வரலாம்' என்பார்கள். 'அநேகமாக வந்துவிடும்' என்பார்கள். 'கட்டாயம் வரும்' என்பார்கள். மூன்றும் ஒன்றல்ல என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும்.

ஆங்கிலத்திலும் இப்படிப்பட்ட படிகள் உண்டு. 'மைட்' என்பது கீழ்ப்படி: வந்தாலும் வரலாம். அதற்குச் சற்று மேலே 'மே': வரலாம். 'பெர்ஹாப்ஸ்', 'மேபி' இரண்டும் 'ஒருவேளை' என்ற பொருள் தருவன. மலாயில் நாம் 'முங்கின்' என்கிறோமே, அதுதான். 'லைக்லி', 'ப்ராபப்ளி' என்பவை 'அநேகமாக'. 'செர்டன்லி' என்றால் 'நிச்சயமாக', மலாயில் 'பாஸ்தி'.

இவற்றுள் 'மே' என்ற சிறிய சொல்தான் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. அதற்கு மூன்று வேலைகள் உண்டு. 'மழை வரலாம்' என்பதில் ஐயம் இருக்கிறது. 'நீ வீட்டுக்குப் போகலாம்' என்று ஆசிரியர் சொல்வதில் அனுமதி இருக்கிறது. இந்த இரண்டும் தமிழிலும் 'லாம்' என்றே முடிவதால் நமக்குச் சிரமம் இல்லை. மூன்றாவது வேலை சட்டத்திலும் அறிவிப்பிலும் வருவது. அங்கே 'மே' என்றால், 'செய்ய எங்களுக்கு அதிகாரம் உண்டு. கட்டாயம் இல்லை' என்று பொருள். கட்டாயத்தைச் சொல்ல 'ஷேல்' என்று எழுதுவார்கள். நம் நாட்டுச் சட்டங்களின் மலாய்ப் பிரதியில் 'மே' வருமிடத்தில் 'போலே' என்றும், 'ஷேல்' வருமிடத்தில் 'ஹெண்டாக்லா' என்றும் காணலாம்.

ஒரு சொல்லில் இவ்வளவு இருக்கிறதா என்று கேட்பீர்கள். சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்த குடும்பங்களைக் கேட்டால் தெரியும். கூட்டரசு அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு, சுதந்திர நாளுக்கு முன் இந்நாட்டில் பிறந்தவரைப் பற்றியது. வசிப்பு, நன்னடத்தை, மலாய்மொழியில் தொடக்க அறிவு முதலிய நிபந்தனைகளை அவர் நிறைவு செய்து மனுச் செய்தால், குடிமகனாகப் பதிந்துகொள்ள அவர் 'உரிமையுடையவர்' என்கிறது. ஆங்கிலத்தில் 'என்டைட்டில்டு', மலாயில் 'பெர்ஹாக்'. 19-ஆவது பிரிவு, வேறு நாட்டில் பிறந்து இங்கே வந்து உழைத்தவர் போன்றோருக்கு உரியது. அங்கே அந்தச் சொல் இல்லை. அரசாங்கம் சான்றிதழ் 'வழங்கலாம்' என்றுதான் இருக்கிறது. நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறினாலும் முடிவு அரசாங்கத்தின் கையில். ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீட்டில் இருந்த இரு கிழவர்களில் ஒருவருக்கு உரிமை, மற்றவருக்கு 'லாம்'. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் முறை வந்தபோது, அந்த வேறுபாடு அடுப்பங்கரை வரை வந்துவிட்டது.

எங்கள் தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு தோட்டம் கைமாறிய சமயம், மாணவர் ஒருவரின் தாயார் ஆங்கில அறிவிப்பு ஒன்றைப் பள்ளிக்கு எடுத்து வந்தார். "சார், என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். வகுப்புக்கு மணி அடித்துவிட்ட அவசரத்தில், "மாற்று வீடு கொடுப்பார்களாம், கவலைப்படாதீர்கள் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அறிவிப்பில் இருந்ததோ 'மே'. வீடு கொடுக்கப்படலாம் என்பதை, கொடுப்பார்கள் என்று ஆக்கியவர்கள் நாங்கள். அந்தக் குடும்பம் மலிவு விலை வீட்டுக்கு மனுப் போடாமல் காத்திருந்தது. மாற்று வீடு வரவில்லை. அந்த அம்மா எங்களை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அதே அறிவிப்பில் வேலை நிறுத்தப்படுவதற்கான தொகையைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. அது 'லாம்' அல்ல. 1980-ஆம் ஆண்டின் பணிநீக்க, ஆட்குறைப்பு நன்மை விதிகள் அதற்கு 'ஷேல்' போட்டிருக்கின்றன. தொடர்ந்து 12 மாதங்களாவது வேலை செய்தவருக்கு இது பொருந்தும். 2 ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் 20 நாள். இதற்குக் குறையக் கூடாது. விதிவிலக்குகள் சில உண்டு. அவற்றைத் தொழிலாளர் இலாகாவில் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆனால் உரிமையைச் சலுகைபோல் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. சலுகையை உரிமை என்று நம்பிக் கைகட்டி இருக்கவும் கூடாது.

இன்னும் ஒரு சொற்றொடர்: 'சப்ஜெக்ட் டு'. 'இதற்கு உட்பட்டு' என்று பொருள். வாக்கியத்தில் எவ்வளவு உறுதியான சொல் இருந்தாலும், பின்னால் இது வந்தால் ஒரு நிபந்தனை காத்திருக்கிறது என்று அறியுங்கள்.

ஆகவே, தோட்ட ஆபீசிலிருந்தோ வங்கியிலிருந்தோ கடிதம் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். 'லாம்' என்று இருக்கிறதா, 'வேண்டும்' என்று இருக்கிறதா? முடிவு செய்பவர் யார்? எந்தத் தேதிக்குள்? 'லாம்' என்று இருந்தால் உறுதியை எழுத்தில் கேளுங்கள். அது வரும்வரை வேறு வழியையும் தேடுங்கள்.

மாணவர்களே, இன்றிரவு வீட்டில் உள்ள ஏதேனும் ஓர் ஆங்கிலக் கடிதத்தை எடுத்து, 'மே', 'ஷேல்' என்ற சொற்களின் கீழ்க் கோடு இடுங்கள். பிறகு அதை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தமிழில் நிதானமாகச் சொல்லுங்கள். எங்களைப்போல் அவசரப்படாதீர்கள்.